சிரியஸ் எடிட்டர்: புதிய ஆர்க் வரைய முடிகிறது, சேமிக்க முடியவில்லை. உதவி தேவை

கடைசிபெஞ்ச்:
இறுதியாண்டு ப்ராஜெக்ட். போன பேட்ச் அண்ணன்கள் எக்லிப்ஸ் சிரியஸில் (படம் வரையும் எடிட்டர்களை உருவாக்கும் கருவி) செய்துவைத்த பெட்ரி நெட் எடிட்டரில் இன்ஹிபிட்டர் ஆர்க் சேர்க்க வேண்டும். பெட்ரி நெட் என்றால் பிளேஸ் எனும் வட்டங்களையும் டிரான்சிஷன் எனும் கட்டங்களையும் ஆர்க் எனும் கோடுகளால் இணைக்கும் படம்; டிரான்சிஷன் இயங்கும்போது பிளேஸில் உள்ள டோக்கன் எனும் புள்ளிகள் மாறும். பிளேஸில் டோக்கன் இல்லாதபோது மட்டும் டிரான்சிஷனை இயங்கவிடுமே, அந்த வகை. முனையில் அம்புக்குப் பதிலாகச் சின்ன வட்டம் வரும்.

படத்தில் என்னென்ன வகைகள் இருக்கலாம் என்று சொல்லும் ஈகோர் ஃபைலில் (மெட்டாமாடல்) தனி கிளாஸ் போட்டு, நெட் கிளாஸிலிருந்து அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் கொடுத்தேன். கோட் உருவாக்க உதவும் ஜென்மாடல் ஃபைலை ரீலோட் செய்து ஜாவா கோட் உருவாக்கியாயிற்று. பேலட்டில் டூல் வருகிறது, கோடும் விழுகிறது. கன்ட்ரோல் எஸ் அடித்தால் டேங்கிளிங் ஹெச்ரெஃப் எக்செப்ஷன். அந்த ஆப்ஜெக்ட் எந்த ரிசோர்ஸிலும் இல்லை என்கிறது. பழைய ஆர்க் மட்டும் உள்ள படங்கள் ஒழுங்காகச் சேமிக்கின்றன. படத்தின் தோற்றத்தையும் டூல்களையும் விவரிக்கும் ஓடிசைன் ஃபைலில் தேடாத இடமில்லை.

மரநிழல்:
ஓடிசைனை விடுங்க தம்பி, சிக்கல் ஈகோரில். அந்த ரெஃபரன்ஸின் ப்ராபர்ட்டீஸில் கன்டெய்ன்மென்ட் என்ன என்று பாருங்கள். புதிதாகப் போட்டால் ஃபால்ஸ் என்றுதான் வரும். அப்படியானால் நெட் அந்த ஆர்க்கைச் சுட்டுகிறது, ஆனால் தனக்குள் வைத்திருக்கவில்லை. சிரியஸ் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கோடு வரைந்துவிடும். சேமிக்கும்போது ஈஎம்எஃப் (சிரியஸுக்கு அடியில் மாடலைக் கையாளும் எக்லிப்ஸ் பகுதி) அது எந்த ஃபைலைச் சேர்ந்தது என்று தேடும். வீட்டு எண் இல்லாத தபால் மாதிரி அங்கே நின்றுவிடும். ட்ரூ ஆக்கி, மறுபடி ரீலோட் செய்து கோட் உருவாக்குங்கள்.

நெய்தல்:
மேலே சொன்னது சரி. ஆனால் தனி கிளாஸே எதற்கு? இன்ஹிபிட்டர் ஆர்க்கை ஆர்க்கின் சப்கிளாஸாக வைத்தால் ஏற்கெனவே உள்ள ஆர்க் பட்டியலிலேயே சேர்ந்துவிடும், புது ரெஃபரன்ஸ் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: சிரியஸில் ஒரு மேப்பிங்குக்கு (எந்த கிளாஸை எப்படி வரைவது என்ற விதி) கொடுக்கும் டொமைன் கிளாஸ் அதன் சப்கிளாஸையும் பிடிக்கும். பழைய எட்ஜ் மேப்பிங்கும் புதியதும் சேர்ந்து ஒரே ஆர்க்கை இரண்டு முறை வரையும். பழையதில் ப்ரீகண்டிஷன் (எதை வரையலாம் என்ற நிபந்தனை) போட்டு விலக்கலாம். நானாக இருந்தால் ஒரே மேப்பிங்கில் கண்டிஷனல் ஸ்டைல் (நிபந்தனைக்கேற்ப மாறும் தோற்றம்) வைத்து முடித்துவிடுவேன்.

இன்னொன்று. சீனியர்கள் ஃபயரிங் விதியை (டிரான்சிஷன் எப்போது இயங்கும் என்பது) ஜெனரேட் ஆன ஜாவா மெத்தடுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அதன் மேலே உள்ள குறிப்பில் 'ஜெனரேட்டட்' என்பதை 'ஜெனரேட்டட் நாட்' என்று மாற்றியிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை கோட் உருவாக்கும்போது அவர்கள் எழுதியது போய்விடும். முதலில் கிட்டில் கமிட் செய்யுங்கள்.

கடைசிபெஞ்ச்:
கன்டெய்ன்மென்ட் ஃபால்ஸாகத்தான் இருந்தது. மாற்றியதும் சேமிக்கிறது, நன்றி அண்ணா. சப்கிளாஸ் வழிக்கே மாறப்போகிறோம். மெட்டாமாடலைத் தொட்டதும் அதன் அடையாள முகவரியான நேம்ஸ்பேஸ் யூஆர்ஐயில் வெர்ஷன் எண்ணையும் ஏற்ற வேண்டுமா?

மரநிழல்:
தொடாதீர்கள். மாற்றினால் ஏற்கெனவே சேமித்த மாடல் ஃபைல் எதுவும் திறக்காது, பேக்கேஜைக் காணோம் என்று சொல்லும். கிளாஸ் சேர்ப்பதால் பழைய ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், ஓடிசைன் இருக்கும் ப்ராஜெக்டை எடிட்டரைச் சோதிக்க இரண்டாவதாகத் திறக்கும் ரன்டைம் எக்லிப்ஸுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சேமித்தவுடன் படத்தில் மாற்றம் தெரியும். மெட்டாமாடலின் ஜாவா கோட் வெளி எக்லிப்ஸில் இருப்பதால், அதை மாற்றினால் ரன்டைமை மூடித் திறக்கத்தான் வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
இன்னொரு சந்தேகம். பிளக்இன்னை ஜார் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து கைடின் லேப்டாப்பில் போட்டோம். எடிட்டர் ஓடுகிறது, புதிய டூலின் ஐகான் மட்டும் வரவில்லை. எங்கள் மெஷினில் வருகிறது.

நெய்தல்:
ஐகான் ஃபோல்டரை நீங்கள் புதிதாக உருவாக்கினீர்களா? பில்ட் டாட் ப்ராபர்ட்டீஸில் பைனரி பில்ட் பகுதியில் அதை டிக் செய்யுங்கள். உங்கள் மெஷினில் நேராக வொர்க்ஸ்பேஸிலிருந்து ஓடுவதால் தெரிகிறது. அங்கே டிக் இல்லாதது எதுவும் ஜாருக்குள் போகாது.

வைவாவுக்கும் ஒன்று படித்துக்கொள்ளுங்கள். சாதாரண பெட்ரி நெட்டில் ரீச்சபிலிட்டியை, அதாவது தொடக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட டோக்கன் நிலையை அடைய முடியுமா என்பதை, தீர்மானிக்க முடியும் என்று கணினி அறிவியலாளர் மாயர் 1981இல் நிறுவினார். இன்ஹிபிட்டர் ஆர்க்கைத் தாராளமாக அனுமதித்தால் மாடல் டூரிங் மெஷினுக்கு (கணிக்கக்கூடிய எதையும் கணிக்கும் கோட்பாட்டுக் கணினி) நிகராகிவிடும், அதன்பின் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது. சீனியர்களின் எடிட்டரில் ரீச்சபிலிட்டி பார்க்கும் பட்டன் இருந்தால், புதிய ஆர்க் உள்ள படத்தில் அது என்ன செய்யும் என்று எக்ஸாமினர் கேட்பார்.

கடைசிபெஞ்ச்:
பட்டன் இருக்கிறது அக்கா. இன்ஹிபிட்டர் ஆர்க் இருந்தால் அதை டிசேபிள் செய்து, காரணத்தை ஒரு வரியில் காட்டிவிடுகிறோம்.