ஒரு வாரம் வேதம் படித்தால் பிள்ளைகளுக்கு என்னதான் மிஞ்சும்?

கோபிக்காரன் கேட்டது:

வணக்கங்க. எங்கள் சபையில் வருஷா வருஷம் மே மாதம் வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும். பாட்டு, ஆக்ஷன், கலர் பேப்பரில் கைவேலை, தினம் ஒரு மனப்பாட வசனம், கடைசி நாள் மேடை நிகழ்ச்சி, பரிசுக்கு டிபன் பாக்ஸ். சின்னப் பிள்ளைகளுக்கு அது சரி. எட்டாவதுக்கு மேல் படிக்கிறவர்கள் இரண்டாம் நாளே போனை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இந்த வருஷம் அவர்களுக்கு மட்டும் தனியாக, தினம் இரண்டு மணி நேரம், வேதாகமத்தில் ஒரே ஒரு புத்தகத்தை முதலிலிருந்து முடிவு வரை படிக்கலாம் என்று ஆயரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். கமிட்டியில் ஒரு பெரியவர்தான் "ஆறு நாள்ல என்னத்தக் கத்துக்குவாங்க, பாட்டையாவது பாடட்டும்" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். இப்படி நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் நிஜமாகவே எதைக் கற்றுக்கொண்டார்கள்? மாற்கு சுவிசேஷம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தெருவிலிருந்து இந்துப் பிள்ளைகளும் நாலைந்து பேர் வருவார்கள்.

வெள்ளகோவில் டீச்சர்:

தம்பி, மாற்கு 16 அதிகாரம். ஆறு நாளில் முடிக்க ஓட வேண்டியிருக்கும், ஓடினால் பழைய கதைதான். ரூத் எடுங்கள். 4 அதிகாரம், 85 வசனம், ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் நிதானமாகப் போனாலும் இரண்டு நாள் கையில் மிஞ்சும்.

நான் அதைத்தான் நடத்தினேன். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம், புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த மாமியார், கூடவே வரும் மருமகள் ரூத், மோவாப் என்ற அந்நிய தேசத்துப் பெண். இரண்டாம் அதிகாரத்தில் ரூத் வயலில் அறுக்கிறவர்களுக்குப் பின்னால் சிந்திய கதிரைப் பொறுக்கப் போகிறாள். "இது நம்ம தப்புக்காய் பொறுக்கறதுதானே டீச்சர்" என்று ஒரு பையன் கேட்டான். அவனுடைய ஆத்தா கடலைக்காய் பிடுங்கிய காட்டில் அப்படிப் பொறுக்கியவராம். அதற்குப் பிறகு நான் விளக்க ஒன்றுமில்லை. காட்டுக்காரர் விடுவாரா துரத்துவாரா, முதலில் யாரைக் கேட்க வேண்டும், தனியாகப் போகிற பெண்ணுக்கு என்ன பயம், எல்லாம் அவர்களே சொன்னார்கள். அப்புறம் லேவியராகமம் 19ஐ எடுத்துக் கொடுத்தேன். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதை ஏழைக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நியனுக்கும், விட்டுவிடு என்று அங்கே சட்டமே இருக்கிறது. அப்படியானால் அவளைப் பொறுக்க விட்ட வயல்காரர் போவாஸ் செய்தது தயவா, கடமையா? ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண் பிள்ளைதான் பிடித்தாள்: பொறுக்க விடுவது சட்டம், வேலையாட்களைக் கூப்பிட்டு வேண்டுமென்றே அரியிலிருந்து கொஞ்சம் உருவிப் போடச் சொன்னது சட்டத்தில் இல்லை.

அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆறு நாளில் வேதாகமம் முழுவதும் தெரியாது, ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி கவனித்துப் படிக்கத் தெரியும். புத்தகம் முழுக்கக் கடவுள் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் அவர்களேதான் கண்டுபிடித்தார்கள். நாற்பது வருஷமாகச் சபைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்?

ஒன்று மட்டும். மூன்றாம் அதிகாரத்தில் ரூத் ராத்திரி களத்துக்குப் போய் போவாஸின் காலடியில் படுப்பது வரும். சிரிப்பார்கள். சுற்றி வளைக்காமல் நேராகப் பேசிவிடுங்கள்.

கருமத்தம்பட்டியான்:

நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்களுக்கு விடுமுறை மறைக்கல்வி. டீச்சர் சொல்வது சரி. ஆனால் மாற்கை அப்படித் தள்ள வேண்டாம். முதல் நாள் ஆள் மாற்றி ஆள் சத்தமாக வாசிக்க விடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதும் முடிந்துவிடும். ஞாயிறுதோறும் துண்டு துண்டாகக் கேட்டதை ஒரே மூச்சில் கேட்பது வேறு அனுபவம். சீடர்கள் எத்தனை தடவை புரியாமல் முழிக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். பெரிய பிள்ளைகள் என்றால் முடிவையும் காட்டலாம். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சைனாய், வத்திக்கான் என்ற கிரேக்க வேதாகமச் சுவடிகள் இரண்டிலும் மாற்கு 16:8 உடன் நின்றுவிடும், கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பையன்கள் அதிகம் என்றால் யோனா. 48 வசனம்தான், அவனை விழுங்கும் மீன் வருவது மூன்றே வசனத்தில். அழியப்போகிறது என்று அவன் அறிவித்த நினிவே நகரம் பிழைத்துவிட்டதே என்று அவன் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலாம் அதிகாரத்துக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் மீனோடு நிறுத்திவிடுகிறோம்.

மஞ்சமண்டி:

நான் கிறிஸ்தவன் இல்லைங்க. சின்ன வயதில் ஈரோட்டில் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப் போய் இப்படி ஒரு லீவு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். சங்கீதம் 23 இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் வரும், அதனால் மனப்பாடத்தை ரொம்பவும் மட்டம் தட்ட வேண்டாம். நல்ல சமாரியன் கதையும் மறக்கவில்லை. அடிபட்டுக் கிடந்தவனை ஆலயப் பணி செய்கிற ஆசாரியனும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள், ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் நின்று காயம் கட்டுகிறான். எங்கள் தெருவில் யார் யாரை வாசலோடு நிறுத்துவார்கள் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும், அதனால் யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

நீங்கள் கூப்பிடும் இந்துப் பிள்ளைகளின் வீட்டில் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். "கோடை முகாம்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், வேதாகமத்தில் இந்தப் புத்தகம் படிக்கிறோம், ஜெபம் இருக்கும், விருப்பம் இருந்தால் அனுப்புங்கள் என்று. எங்கள் அம்மாவிடம் அந்த அக்கா அப்படித்தான் சொன்னார். அம்மாவும் "கதைதானே, போயிட்டு வரட்டும்" என்று விட்டுவிட்டார். பின்னால் தெரிய வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

கோபிக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரூத்தே எடுக்கிறேன். வீடுகளுக்கு நானே நேரில் போய்ச் சொல்கிறேன், அது என் புத்தியில் படவே இல்லை. டீச்சருக்கு ஒரு கேள்வி. உபாகமம் 23இல் மோவாபியன் பத்தாம் தலைமுறைக்கும் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று இருக்கிறதே. ரூத் மோவாபியப் பெண், தாவீது ராஜாவின் பாட்டனாரைப் பெற்றவள். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

வெள்ளகோவில் டீச்சர்:

கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. நெகேமியா 13ஐ ஒரு கூட்டத்துக்கும் ஏசாயா 56ஐ இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்தேன். முதலாவதில் அதே சட்டத்தை வாசித்து அந்நியரைப் பிரித்து அனுப்புகிறார்கள், இரண்டாவதில் அந்நியனையும் என் பர்வதத்துக்குக் கொண்டுவருவேன் என்கிறார் கடவுள். இரண்டும் ஒரே வேதாகமத்தில். நல்ல சண்டை நடந்தது, ஆயரும் வந்து உட்கார்ந்துகொண்டார். அதனால் ஐந்தாம் நாளை முழுசாக இதற்கே விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் யாராவது கிளப்பினால் சார்ட்டில் எழுதி ஒட்டிவைத்துவிட்டு மேலே போங்கள். அப்புறம், நாலு அதிகாரத்தையும் வசன எண் இல்லாமல் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு செட்டும் பென்சிலும் கொடுங்கள். புத்தகத்தில் கோடு போடச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் பயப்படுவார்கள்.