மறுமொழி: ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மூளை நரம்பணுவுக்குத் தமிழில் என்ன சொல்?

> "குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சை" என்று ஏற்கெனவே புழங்குகிறோமே. அதுவே போதாதா?

போதாது ஐயா. இந்தச் சிகிச்சையில் குருத்தணுவை அப்படியே மூளையில் வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. எந்த அணுவாகவும் மாறவல்ல ஒன்று உள்ளே தங்கிவிட்டால் கட்டியாக வளரக்கூடும்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகஹாஷி குழுவினர், கைகால் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்குச் செய்த சோதனையைப் பாருங்கள். நலமாக உள்ள ஒருவரின் இரத்த அணுக்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார்கள். ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியணுக்களில் காட்டிய வழி அது. பிறகு அவற்றை, உடலசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களாகும் பாதையில் வளர்த்து, கோரின் என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கியவற்றை மட்டும் பிரித்தெடுத்தார்கள். குருத்தணு எதுவும் கூடவே போய்விடக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் இவ்வளவு பாடு. எல்லா நோய்க்கும் குருத்தணு ஊசி என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்களுக்கு நம் பொதுச்சொல் துணைபோகக் கூடாது.

> "குருத்தணுவிலிருந்து பெறப்பட்ட நரம்பணு" என்று விரித்தே எழுதலாம்.

பாடநூலில் ஒருமுறை எழுதலாம் அக்கா. நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் வரிக்கு வரி வந்தால் யார் படிப்பார்கள்? தாய்வழி, தந்தைவழி என்பதுபோல "குருத்துவழி நரம்பணு" எனலாம். குருத்துவழி இதயத்தசை அணு, குருத்துவழி விழித்திரை அணு என்று மற்றவற்றுக்கும் பொருந்தும்.

இன்னொரு சிக்கல் உண்டு. கியோட்டோவில் செலுத்தியவற்றில் பெரும்பங்கு முழு நரம்பணு அல்ல, அதற்கு முந்தைய நிலை. "முன்னோடி அணு" என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. முன்னே ஓடியது எது, பின்னே வருவது எது? நான் "நாற்றணு" (நாற்று + அணு) என்பேன். இன்ன பயிர் என்பது முடிவாகிவிட்டது, ஆனால் வேர்பிடிக்கும் இளமை போகவில்லை. முற்றிய பயிரைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. நீட்சிகள் படர்ந்துவிட்ட நரம்பணுவும் அப்படியே.

> இன்னும் ஆய்வு நிலைதானே, அவசரம் என்ன?

2025இல் முடிவு வெளியாகிவிட்டது. 7 பேருக்குச் செலுத்தி 24 மாதம் கவனித்ததில் கடுமையான பாதிப்பு ஏதும் இல்லை. பலன் அளக்கப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு, மருந்தின் வேகம் அடங்கிய வேளையிலும் உடலசைவு மேம்பட்டது. சிறிய சோதனைதான். ஆனால் நடுக்கத்தோடு வாழ்பவரின் வீட்டார் இப்போதே கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெளிவான தமிழில் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்.

* * *

தம்பி, "குருத்துவழி" எனக்குச் சம்மதம். "நாற்றணு" என்பதை வாய்விட்டுச் சொன்னால் நாற்றம் என்றே காதில் விழுகிறது. நோயாளியிடம் சொல்ல மனம் வராது. பிரித்து, "நரம்பணு நாற்று" என்று வைப்போமா?

* * *

சரி அக்கா, அதுவே மேல். படிவத்தில் இப்படி வரும்: "உங்கள் மூளையில் வைக்கப்படுபவை குருத்துவழி நரம்பணு நாற்றுகள், குருத்தணுக்கள் அல்ல." மருத்துவர்கள் யாருக்கேனும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.