பிளாசா வாசலில ஐஸ்: வாடகைக்கு இருக்கிற நானும் பொறுப்பா?

வணக்கம். கனடா, ஸ்காபரோவில ஒரு சின்ன பிளாசாவில பலசரக்குக் கடை, இடம் குத்தகைக்கு. ஜனவரி கடைசியில ஒருநாள் காலமை என்ர கதவில இருந்து ஆறடி தள்ளி ஒரு அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. 41ஆம் நாள் அவவின்ர வக்கீலின்ர கடிதம் வந்திருக்கு. ஒன்டாரியோவில 2021இல் இருந்து 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிச்சாச் சரி, அதால பிந்திப்போச்சு எண்டு சொல்ல ஏலாது.

அண்டைக்குப் பனி கொட்டேல்ல. கூரைத் தண்ணிக் குழாய் நேரா நடைபாதையில ஊத்துது. பகல் உருகினது இரவு கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடந்தது. இந்தக் குழாயைப் பற்றி நவம்பரிலேயே உரிமையாளருக்கு ஈமெயில் போட்டனான். பதிலே இல்லை.

படங்கள், கமரா பதிவு எல்லாம் எடுத்து வைச்சிட்டன். இன்சூரன்சுக்கும் சொல்லியாச்சு. உரிமையாளர் பனி அள்ளுற ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுறார். அவரோ "பனி கொட்டினாத்தான் வருவம், ஒப்பந்தம் அப்பிடி" எண்டுறார். குத்தகைப் பத்திரத்தில நடைபாதை பொது இடம், பராமரிப்பு உரிமையாளருக்கு, அதுக்கு மாசாமாசம் டி.எம்.ஐ. (வாடகையோட சேர்த்துக் கட்டுற வரி, பராமரிப்பு, இன்சூரன்ஸ் பங்கு) கட்டுறன். ஆனா உப்பு வாளி நிக்கிறது என்ர வாசலில, இடைக்கிடை போடுறதும் நான்தான். சட்டப்படி ஒரே இடத்துக்கு ஒண்டுக்கு மேற்பட்ட ஆக்கள் பொறுப்பாளியா இருக்கலாம் எண்டதுதான் உதைக்குது.

இப்பிடி வழக்குக் கண்ட கடைக்காரர் ஆரும் இருந்தா: நீங்களா உப்புப் போட்டதைக் காட்டி உங்களையும் பொறுப்பாளி ஆக்கினவையோ?