காலித் தோட்டா மூட்டையை என்ன செய்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

மினசோட்டா அப்பா:

மகள் பள்ளியின் களிமண் தட்டு சுடும் அணியில் (வானத்தில் எறியும் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) சேர்ந்து இது இரண்டாவது வருஷம். (இங்கே பள்ளிக்கூடங்களுக்கே இப்படி அணிகள் உண்டு. ஊரில் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க மூன்று போன் கால் ஆனது.) வாரம் 50 தட்டு, 50 தோட்டா. சுட்டு முடித்ததும் காலி ஓடுகளை, அதாவது சுட்ட தோட்டாவின் பிளாஸ்டிக் கூடுகளை, பிள்ளைகளே பொறுக்கிப் பீப்பாயில் போட வேண்டும்.

போன மாதம் பீப்பாய் பிதுங்கியது. "யாராவது எடுத்துட்டுப் போங்களேன்" என்றார் பொறுப்பாளர். ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் பளபளவென்று மஞ்சள் உலோகம். பித்தளை விலை நமக்குத் தெரியாதா? இரண்டு மூட்டை கட்டி வேனில் ஏற்றிவிட்டேன். பழைய இரும்புக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. காந்தத்தை எடுத்து ஓட்டின் அடியில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை முலாம் பூசிய இரும்பு! "பிளாஸ்டிக்கோட சேர்ந்து கிடக்கு, நடுவுல வெடிக்காததும் ஒண்ணு ரெண்டு இருக்கும், வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

மூட்டைகள் இப்போது காரேஜில். மனைவி தினம் ஒருமுறை அவற்றைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். உங்களில் யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

ஓஹையோ ஆள்:

சார், அந்தக் காந்த வைத்தியம் எனக்கும் நடந்திருக்கிறது. ஓட்டின் மதிப்பு உலோகத்தில் இல்லை, அதன் வாயில் இருக்கிறது. வாய் கிழியாத ஓட்டை மறுபடி நிரப்பலாம்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கிளப் பெரியவர் ஒருவரிடமிருந்து பழைய மெக் 600 ஜூனியர் மெஷின் வாங்கினேன். மேசையில் திருகி வைத்து நெம்புகோலை இழுக்கும் சாதனம். செத்த பிரைமரை (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தள்ளி எடுக்கும், புதியதைப் பொருத்தும், பிறகு வெடிமருந்து, அதன்மேல் வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் ஈய ரவை. கடைசியில் ஓட்டின் வாயை ஆறாகவோ எட்டாகவோ மடித்து மூடும். அம்மா மோதகத்துக்கு மடிப்பு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு முறையும் அந்த மடிப்பு கொஞ்சம் தளரும், பிறகு வெடிப்பு விடும். அதோடு அந்த ஓட்டின் ஆயுள் சரி.

எல்லா ஓடும் ஒன்றல்ல. வின்செஸ்டர் டபுள் ஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் என்ற இரண்டு ரகத் தோட்டா ஓடுகளுக்கும்தான் எங்கள் கிளப்பில் அடிதடி. மலிவுப் பெட்டிகளில் வரும் ஓடுகளின் உள் கொள்ளளவு வேறு, அடியில் இருக்கும் தக்கை வேறு. ஒன்றுக்குச் சொன்ன மருந்து அளவை மற்றொன்றில் போடக் கூடாது. மருந்துக் கம்பெனி அச்சிட்ட அட்டவணையில் ஓட்டின் பெயர் முதல் வாட்டின் பெயர் வரை எழுதியிருக்கும். அதை மாற்ற நமக்கு உரிமை கிடையாது.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரவு பேசிக்கொண்டே நெம்புகோலை இழுத்ததில் மருந்து புட்டி காலியானதைக் கவனிக்கவில்லை. மறுநாள் மைதானத்தில் விசையை அழுத்தினால் "புஸ்" என்று ஒரு சத்தம். அடுத்த தோட்டாவைப் போடக் கை போய்விட்டது. பக்கத்தில் நின்ற கிழவர் போட்ட கூச்சலில் நின்றேன். துப்பாக்கியைத் திறந்து குழலுக்குள் பார்த்தால் வாட் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். அன்றிலிருந்து மெஷின் முன் உட்கார்ந்தால் போன், பாட்டு, பேச்சு எதுவும் இல்லை.

மிச்சமாகுமா என்று கேட்பீர்கள். 25 பவுண்டு ஈய மூட்டையில், ஒரு அவுன்ஸ் வீதம் 400 தோட்டா போடலாம். கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் 12 கேஜுக்கு (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும்) கடையில் தள்ளுபடி வரும்போது புதுத் தோட்டாவுக்கும் நம்முடையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 28 கேஜ், 410 என்ற சின்னக் குழல் துப்பாக்கிகளைச் சுடுபவர்களுக்குத்தான் உண்மையான லாபம். நான் மிச்சம் பிடித்த பணத்துக்கெல்லாம் கூடுதலாகச் சுட்டுத் தீர்த்துவிட்டேன், அது வேறு கதை.

இன்னொன்று. பல கிளப்களில் தரையில் விழுந்த ஓடு கிளப்புக்குச் சொந்தம். கேட்காமல் குனியாதீர்கள். புது இடத்தில் குனிந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

டெக்சஸ் தம்பி:

மூட்டையைப் பிரிக்கும்போது மஞ்சள் நிற ஓடுகளைத் தனியே எடுத்து வையுங்கண்ணா. 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதற்குத்தான். அது 12 கேஜ் துப்பாக்கிக்குள் வழுக்கிப் போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும், பின்னால் 12 போட்டுச் சுட்டால் ஓஹையோ அண்ணன் சொன்ன அதே கதிதான். என் மூட்டையில் சுடாத 20 கேஜ் ஒன்று முழுசாகக் கிடந்தது.

கோது:

ஓடு எண்டு நீங்கள் சொல்லுறதை எங்கடை ஊரிலை கோது எண்டுதான் சொல்லுறது. நான் இங்கிலாந்திலை, கென்ற் பக்கம் ஒரு தட்டுச் சுடுற மைதானத்திலை சனி ஞாயிறு வேலை செய்யிறன். இங்கை திரும்ப நிரப்புற ஆக்கள் குறைவு. மைதானத்துக்குக் கோது எண்டால் செலவு, குப்பைக்காரனுக்குக் காசு கட்டித்தான் அனுப்ப வேணும். அரைச்சு, காந்தத்தாலை இரும்பைப் பிரிச்சுப் பிளாஸ்டிக்கை எடுக்கிற இடங்களும் இருக்கு. ஆனால் வாட்டும் மண்ணும் கலந்திருந்தால் அவை திருப்பி அனுப்பிப்போடுவினம்.

கோது பரவாயில்லை, நிண்ட இடத்திலை விழும், கூட்டலாம். வாட் அப்பிடியில்லை, புல்லுக்குள்ளை பறந்து போயிடும். பக்கத்துக் காணிக்காரன்ரை செம்மறியள் அதைத் திண்டுபோடும் எண்டு சண்டை வந்தாப் பிறகு, எங்கடை மைதானத்திலை நார் வாட் உள்ள தோட்டா மட்டும்தான். வாசலிலையே பெட்டியைத் திறந்து பாக்கிறம்.

வேலைக்குச் சேர்ந்த அண்டு முதலாளி பகிடியாக் கேட்டவர், முந்தி இது பொறுக்கிப் பழக்கம் இருக்கோ எண்டு. ஓம் எண்டு மட்டும் சொன்னன்.

புதுக்கோட்டைக்காரன்:

எங்கள் ஊர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் என்கிற தட்டு சுடும் போட்டியில் சுட்ட பிறகுதான் தட்டு என்றால் என்ன என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது தாத்தாவின் இரட்டைக்குழல், 12 போர் (நீங்கள் சொல்லும் 12 கேஜ்தான்). காகிதத் தோட்டா காலம். ஐப்பசி மழையில் ஊறி உப்பிவிட்டால் குழலுக்குள் போகாது என்று அடுப்பு மேடைப் பரணில் வைத்திருப்பார். சுட்ட ஓடுகளை ஹார்லிக்ஸ் புட்டியில் எண்ணிப் போட்டு வைப்பார். யாராவது கணக்குக் கேட்டால் காட்ட வேண்டுமே! ஒன்றே ஒன்றை நான் விசிலாக்கப் பார்த்து முதுகில் வாங்கினேன்.

ஓஹையோ அண்ணன் எழுதியதைப் படித்து இங்கே இந்தியாவில் யாரும் மெஷின் தேட வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

மினசோட்டா அப்பா:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க மகளும் நானும் காரேஜ் தரையில் கொட்டிப் பிரித்தோம். மஞ்சள் ஓடு முப்பத்துச் சொச்சம். வெடிக்காதது இரண்டு, பொறுப்பாளரிடம் கொடுத்தாயிற்று. வாய் கிழிந்தவையும் மலிவு ரகமும் ஒரு மூட்டை, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. கோது அண்ணா, அரைக்கும் இடம் இங்கே இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நல்ல டபுள் ஏ மட்டும் அறுநூறுக்கு மேல் தேறியது. ஓஹையோவுக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் பார்சல் செலவு ஓட்டின் விலையைத் தாண்டுகிறது. கடைசியில் எங்கள் கிளப்பிலேயே 410 சுடும் ஒரு பெரியவர், தன் நண்பருக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டார். காசு வேண்டாம் என்றேன். மறுநாள் வீட்டு வாசலில் ஒரு பெட்டி தக்காளி. மூட்டை இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது, மனைவி அதையும் பார்க்கிறாள்.