புதுப்பிப்பு: குளத்து நடுவில் நின்றுபோன றிமோட் படகு

கிளிநொச்சியில் குளத்து நடுவே போனதும் எங்கள் படகு சமிக்ஞை இழந்து நிற்கிறது என்று எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது! மோட்டாரில் பழுதில்லை. வாங்கியபோதே, படகுக்குள் சமிக்ஞையைப் பெறும் றிசீவர் நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்தது, றிமோட் அனுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். றிசீவரை மேலே ஏற்றி, அன்ரெனாக் கம்பியின் உறையில்லாத நுனியை ஓர் உறிஞ்சுகுழாய்க்குள் செருகி நிமிர்த்தினோம். ஏறத்தாழ 31 மில்லிமீற்றர், அதாவது கால் அலைநீளம். அலையைப் பிடிப்பது அந்த நுனிதான், தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

பழைய 27 மெகாஹேர்ட்ஸ் றிமோட்டைப் பரிந்துரைத்த அண்ணாவுக்கு: அதன் அலை நன்னீருக்குள்ளும் ஓரளவு இறங்கும், உண்மை. ஆனால் ஒரே அலைவரிசையில் இரண்டு படகுகள் இறங்கினால் இரண்டும் தடுமாறும். 2.4இல் றிசீவர் தன்னோடு இணைத்த றிமோட்டுக்கு மட்டுமே கீழ்ப்படியும். நேற்று மாலை பக்கத்து வீட்டுத் தம்பியின் படகும் எங்களுடையதும் சேர்ந்தே ஓடின.