கிளாட் மாக் டெஸ்டில் 66லிருந்து 50க்கு இறங்கிவிட்டது, எங்கே ஓட்டை?

உசிலம்பட்டி ப்ளஸ்டூ

வணக்கம். ஸ்டேட் போர்டு, ப்ளஸ் டூ காமர்ஸ். பத்தாவது வரை தமிழ் மீடியம். தேசிய சட்டப் பல்கலைகளுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. மதுரையில் ஒரு சென்டரில் வாரம் ஒரு மாக் (மாதிரித் தேர்வு). ஐந்து மாக்கின் மார்க், 120க்கு: 62.5, 66.5, 64, 57.25, 50.75.

இரண்டாவது மாக்கில் 94 கேள்வி எழுதி 72 சரி, 22 தவறு. ஐந்தாவதில் 112 எழுதி 63 சரி, 49 தவறு. "ஒன்றையும் விடாதே, எல்லாவற்றையும் தொடு" என்று சென்டரில் சொன்னதால் நாலாவதிலிருந்து அப்படி எழுதுகிறேன். லீகலை முதலில் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பிரிவுவாரியாகச் சரியான விடைகள் (இரண்டாவது மாக் / ஐந்தாவது மாக்):
லீகல் 23 / 15
கரண்ட் அஃபேர்ஸ் 13 / 13
ஆங்கிலம் 18 / 16
லாஜிக்கல் 13 / 14
கணக்கு 5 / 5

நெகட்டிவ் மார்க்தான் தின்கிறதா? இனி தெரியாததைத் தொடவே கூடாதா? இரண்டு வாரம் மாக்கை நிறுத்திவிட்டுப் படிக்கலாமா? "கிளாட்டை விடு, ப்ளஸ் டூவைப் பார்" என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?

---

ஒற்றைப்படை

தம்பி, பிரிவுவாரியாக எழுதி வைத்திருப்பது பெரிய உதவி. மொத்த மார்க்கை மட்டும் போட்டிருந்தால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பழி நெகட்டிவ் மார்க் மேல் இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரிக்கு 1, தவறுக்கு கால் மார்க் கழிவு, நாலு விடைகளில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு 18 கேள்விக்கு வட்டம் அடித்தால் சராசரியாக 4.5 சரி, 13.5 தவறு. 4.5லிருந்து 3.375 போக 1.125 மிச்சம். அதாவது, கூடுதலாகத் தொட்ட அந்த 18 கேள்வி உங்களுக்கு ஒரு மார்க் கூட்டித்தான் கொடுத்திருக்கும்.

அப்படியானால் 63 சரியில் இந்த 4.5 போக மீதி 58.5. முன்பு 72 எடுத்துத் தந்த அதே அளவு 94 கேள்வியில் இப்போது 58.5தான் வந்திருக்கிறது. 13.5 விடை சரியிலிருந்து தவறுக்கு மாறியிருக்கிறது. ஒரு விடை அப்படி மாறினால் வரவேண்டிய 1 போய், மேலும் 0.25 கழிகிறது, ஆக 1.25 நட்டம். 13.5ஐ 1.25ஆல் பெருக்கினால் 16.875. அதில் 1.125ஐக் கழித்தால் 15.75. உங்கள் 66.5க்கும் 50.75க்கும் உள்ள வித்தியாசமும் 15.75தான். 18 கேள்விக்கு நேரம் பிடுங்கப் போய், ஏற்கெனவே தெரிந்த கேள்விகளை அவசரத்தில் கெடுத்திருக்கிறீர்கள். இறக்கத்தில் பெரும்பங்கு லீகலில் விழுந்திருப்பதும் அதனால்தான். அதைத்தானே கடைசி அரைமணிக்குத் தள்ளினீர்கள்?

ஆகவே "தொடவே கூடாது" என்பதும் தவறு, "எல்லாவற்றையும் தொடு" என்பதும் தவறு. ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மீதி மூன்றில் குறிப்பதற்குச் சராசரி லாபம் 0.167. இரண்டைத் தள்ள முடிந்தால் 0.375. அப்போது தயங்காமல் குறியுங்கள். எதையும் தள்ள முடியாவிட்டால் லாபம் 0.0625. அதற்காக ஒரு நிமிடம் செலவழிப்பது வீண், கடைசி இரண்டு நிமிடத்தில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 100 கேள்வி தொட்டு 65 சதவீதம் சரியாகப் போடுகிறவருக்குத் திறமை துளியும் மாறாமலே மார்க் ஆறு மேலேயும் ஆறு கீழேயும் ஆடும். 100 × 0.65 × 0.35ன் வர்க்கமூலம் 4.8, அதை 1.25ஆல் பெருக்கினால் 6. கேள்விகள் பத்தி பத்தியாக வருவதால், ஒரு பத்தியைப் பிசகாகப் புரிந்துகொண்டாலே நாலைந்து சேர்ந்து போகும், ஆட்டம் இன்னும் பெரிதாகும். ஆக உங்கள் 62.5, 66.5, 64 மூன்றும் ஒரே மார்க்தான். 66லிருந்து 64 ஆனதற்கு வருத்தப்பட்டிருந்தால் அது வீண் வருத்தம். 50.75 அப்படியல்ல, அது நிஜமான இறக்கம். ஆனால் காரணம் கையில் இருக்கிறது, சரிசெய்யவும் முடியும்.

மாக்கை நிறுத்த வேண்டாம். வாரம் ஒன்று போதும், கூட்டவும் வேண்டாம். மறுநாள், சரியான விடை எது என்று பார்க்காமல், தவறான 49ஐயும் விட்ட 8ஐயும் நேரக்கெடு இல்லாமல் மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வருபவை நேரத்தால் போனவை. திரும்பவும் தவறுபவை புரியாமல் போனவை. முதல் வகைக்கு மருந்து வரிசையும் நேரப் பங்கீடும். இரண்டாவது வகைக்குத்தான் படிப்பு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு "இன்னும் உழைக்கணும்" என்று கிளம்புவதால்தான் நாலு மாதம் படித்தும் மார்க் நகராமல் பலர் நிற்கிறார்கள்.

---

ஒத்தக்கடை கோர்ட் ரோடு

மேலே உள்ள கணக்கு சரி. லீகலை மட்டும் நான் சொல்கிறேன். 28 முதல் 32 கேள்வி, தாளில் கால்வாசி. படித்து வைத்த சட்டம் இல்லாமலே எடுக்கக்கூடிய மார்க் என்பதால் இதை விடவே கூடாது.

2020ல் தாள் மாறியதிலிருந்து விதி பத்திக்குள்ளேயே இருக்கும். சுமார் 450 சொல், தீர்ப்பிலிருந்தோ கட்டுரையிலிருந்தோ எடுத்தது. அதைக் கீழே உள்ள சம்பவத்துக்குப் பொருத்துவது மட்டுமே வேலை. தவறுகள் பெரும்பாலும் நாலு வழியில் வரும். தவறான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த வழி என்று ஒரு எழுத்து போடுங்கள்.

வெ – வெளிச்சட்டம். பத்தியில் இல்லாததை நாம் கொண்டுவந்தது.
வி – விலக்கு. அன்லெஸ், ஒன்லி இஃப், ப்ரொவைடட் தட் போன்ற சொல்லைத் தாண்டிப் போனது.
ஆ – ஆள் மாற்றம். வழக்குப் போட்டவர் யார், போடப்பட்டவர் யார் என்று குழம்பியது.
கா – காரணம். "ஆம், ஏனென்றால்" என்று இரண்டு விடை இருக்கும்போது முடிவு சரியாக இருந்து காரணம் தவறானது.

ஒரு உதாரணம். கடையில் விலை எழுதி வைப்பது முன்மொழிவு ஆகாது, அது வாங்குபவர்களுக்கான அழைப்பு மட்டுமே, வாங்குபவர் கேட்பதுதான் முன்மொழிவு, விற்பவர் ஏற்றால்தான் ஒப்பந்தம் என்று பத்தி சொல்கிறது. சம்பவம்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பலகையில் மல்லி கிலோ 800 என்று இருக்கிறது. ஒருவர் 800 ரூபாயை நீட்டுகிறார். வியாபாரி, "இப்போ 1,200, பலகையை மாத்தலை" என்கிறார். ஒப்பந்தம் உண்டா?

இல்லை. விற்பவர் ஏற்கவில்லை. ஆனால் "உண்டு, எழுதிய விலையை மாற்றுவது ஏமாற்று" என்ற விடையைத்தான் கை தேடிப் போகும், ஏனென்றால் நியாயம் அந்தப் பக்கம் இருப்பதாக மனது சொல்லும். அது வெ. இப்போது பத்தியையே திருப்பிப் போடுங்கள்: "எழுதி வைத்த விலையே முன்மொழிவு" என்று பத்தி சொன்னால், அதே மல்லி, அதே 800, ஆனால் ஒப்பந்தம் உண்டு. நிஜச் சட்டம் வேறாக இருந்தாலும் விடை பத்தியோடுதான் போகும். ஒரே சம்பவத்துக்கு இரண்டு விதி எழுதி இரண்டு விடை காண்பது நல்ல பயிற்சி. நாளுக்கு இரண்டு செய்தால் மூன்று வாரத்தில் வெ குறைவது நோட்டிலேயே தெரியும்.

லீகலைக் கடைசியில் வைக்காதீர்கள். முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்கட்டும்.

---

நத்தம் ரோடு நூலகவாசி

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு உள்ள உண்மையான தடை வேறு என்று நினைக்கிறேன். தாள் ஆங்கிலத்தில்தான். இருபதுக்கு மேல் பத்திகள், ஏறக்குறைய 10,000 சொல். நிமிடத்துக்கு 200 சொல் படித்தால் பத்திகளுக்கு மட்டும் 50 நிமிடம். 150 சொல் என்றால் 67 நிமிடம், 120 நிமிடத் தேர்வில் கேள்விகளைப் படித்து யோசிக்க மிஞ்சுவது 53. எத்தனை வரிசை மாற்றினாலும் இந்த 17 நிமிடம் திரும்பி வராது.

முதலில் அளந்து பாருங்கள். ஆங்கிலப் பேப்பரில் தலையங்கப் பக்கக் கட்டுரை ஒன்றில் 450 சொல் எண்ணிக் கோடு போடுங்கள். கடிகாரம் வைத்துப் படியுங்கள். முடித்ததும் பேப்பரை மூடி, கட்டுரையாளர் என்ன சொல்கிறார், எதை மறுக்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், வேகத்தைக் கூட்டாதீர்கள். எழுத வந்தால் அடுத்த வாரம் 15 வினாடி குறையுங்கள். தினம் மூன்று பத்தி. வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் தமிழாக்கம் செய்துகொண்டே போகும் பழக்கம்தான் வேகத்தைப் பிடித்து இழுப்பது. பத்தி முடிந்தபின் தமிழில் யோசியுங்கள், நடுவில் வேண்டாம்.

கரண்ட் அஃபேர்ஸில் 13லேயே நிற்பது ஒரு வகையில் நல்ல செய்தி, ஏனென்றால் அங்கே ஏற இடம் இருக்கிறது. அந்தப் பிரிவில் மட்டும் பத்தி விடை சொல்லாது, வெளியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் கேள்வியை முதலில் படியுங்கள், பத்தியை மேலோட்டமாக. 10 நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். குறிப்பு எடுக்கும்போது ஒரு செய்திக்கு முன்கதையும் சேர்த்து ஒரு பக்கம். புதிய குற்றவியல் சட்டங்கள் என்றால்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறை, பாரதிய நியாய சன்ஹிதா 1860ன் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது, 511 பிரிவு 358 ஆனது, கூடவே வந்த இன்னும் இரண்டு சட்டம் எவை. தமிழ்ப் பேப்பரில் படித்துப் புரிந்துகொள்ளலாம், தவறில்லை. பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், தாளில் அப்படித்தான் கண்ணில் படும்.

வீட்டில் சத்தம் என்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

---

உசிலம்பட்டி ப்ளஸ்டூ

எல்லோருக்கும் நன்றி. 49 + 8 மறுபடி போட்டேன். 57ல் 31 சரியாக வந்தது. லீகலில் தவறிய 15ல் 11 நேரத்தால் போனவைதான். மீதி நாலில் மூன்று வி, ஒன்று வெ. படிக்கும் வேகம் 450 சொல்லுக்கு 2 நிமிடம் 50 வினாடி.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? கணக்கை அப்படியே விட்டுவிடலாமா?

---

ஒற்றைப்படை

பாதிக்கு மேல் நேரம்தான், பார்த்தீர்களா.

கரண்ட் அஃபேர்ஸ் 10, லீகல் 35, லாஜிக்கல் 28, ஆங்கிலம் 24, கணக்கு 15. மொத்தம் 112 நிமிடம், 8 நிமிடம் கையிருப்பு. கடைசி வட்டங்களுக்கு அதுதான். வேகம் இன்னும் நிமிடத்துக்கு 160 சொல்லில்தானே இருக்கிறது? அதனால் இப்போதைக்கு 95 முதல் 100 கேள்வியோடு நில்லுங்கள். விட வேண்டுமானால் கேள்வியை விடாதீர்கள், ஒரு பத்தியை முழுதாக விடுங்கள், படிக்கும் நேரமும் மிஞ்சும்.

கணக்கை விடாதீர்கள். 10 முதல் 14 கேள்விதான், ஆனால் சதவீதம், விகிதம், சராசரி, லாப நட்டம், அட்டவணை, வரைபடம் என்று எல்லாம் பத்தாம் வகுப்பு அளவு. காமர்ஸ் படிக்கும் உங்களுக்கு 5 என்பது குறைவு. தினம் 20 நிமிடம் கொடுத்தால் 8 வரும்.

---

ஒரு பெற்றோர், திருமங்கலம்

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன் தம்பி. அவர் சொல்வதில் பாதி சரி. மதுரை அரசு சட்டக் கல்லூரி உட்பட அம்பேத்கர் சட்டப் பல்கலையின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். கிளாட் சரியாக அமையாவிட்டாலும் வக்கீல் ஆகும் வழி அடைபடவில்லை, ஆனால் அந்த வழிக்கு மார்க் வேண்டும். கிளாட்டுக்கு ப்ளஸ் டூவில் 45 சதவீதம் போதும் என்பதை நம்பிப் பள்ளிப் பாடத்தைக் கைவிட்டால் இரண்டு பக்கமும் போகும். அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான். அதனால் இப்போதிருந்தே பள்ளிப் பாடத்துக்கு மூன்று மணி, கிளாட்டுக்கு இரண்டரை மணி என்று எழுதிக் காட்டுங்கள். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கும் கிளாட் வழியாகத்தான் போக முடியும் என்பதையும் சொல்லுங்கள், வீட்டிலிருந்து தூரம் என்ற பயம் குறையும். வயது வரம்பு இல்லை, அடுத்த வருடமும் எழுதலாம்.

விண்ணப்பம் போட்டாயிற்றா? பொதுப் பிரிவுக்குக் கட்டணம் 4,000 ரூபாய், கடைசி நாள் வரை வைக்காதீர்கள். பல பல்கலைகளில் அந்தந்த மாநிலத்தவருக்குத் தனி இடம் உண்டு, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் பிறகு அலைச்சல்.

தேர்வு மதியம் 2 முதல் 4 வரை, ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு சாப்பிட்டுக் கண் சொருகும் நேரம். மாக்கையும் அதே நேரத்தில் எழுதுங்கள். 12 மணிக்குள் லேசாகச் சாப்பிடுங்கள், தேர்வு முடியட்டும், கறி எங்கே போகிறது.

---

ஒத்தக்கடை கோர்ட் ரோடு

விட்டுப்போன ஒன்று: ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாள். மாக்கை மொபைலில் எழுதினால் இது பழகாது. ஓ.எம்.ஆர். மாதிரியை அச்சடித்து, பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் நிரப்புங்கள். ஒவ்வொரு பத்தியும் முடிந்தவுடன் அந்தப் பத்தியின் வட்டங்களை நிரப்பிவிட வேண்டும். ஒரு பத்தியை விட்டுத் தாண்டும்போது கேள்வி எண்ணைத் தாளிலும் ஓ.எம்.ஆரிலும் விரல் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். ஒரு வரிசை நழுவினால் அதற்குப் பின் உள்ள எல்லாம் போய்விடும், பேனாவை அழிக்கவும் முடியாது.

கேள்வித்தாளில் குறித்த விடைகளை வீட்டுக்கு வந்ததும் தனியாக எழுதி வையுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வரும், அதில் தவறு இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்த நாள்தான் தருவார்கள். 2024 டிசம்பர் தேர்வின் விடைக்குறிப்பில் இரண்டு கேள்விகளை டெல்லி உயர் நீதிமன்றம் தவறு என்று சொன்னது அந்த மாதமே நடந்தது.