தெர்மோகிராம்: வலிப்படமா, தோல்வெப்பப்படமா?

வணக்கம். உடலின் சூட்டைக் கேமராவால் நிறங்களாகக் காட்டும் படமான தெர்மோகிராமுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> தெர்மோகிராம் = வலிப்படம். நோயாளிக்கு உடனே புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். அந்தக் கேமராவுக்கு வலி தெரியாது. தோலிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், வாங்கி, வெப்பநிலையாகக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் பூசிக் காட்டுகிறது, அவ்வளவே. அழற்சி உள்ள இடத்தில் ரத்த ஓட்டம் கூடித் தோல் சுடும், கூடவே வலியும் இருக்கும் என்பதால் நாம் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம்.

நான் இருப்பது மொரீஷியஸில். இங்கே சர்க்கரை நோய் அதிகம். நரம்பு மரத்துப்போன பாதத்தில் புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடத்தில் சூடு ஏறும். படத்தில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே, பெருவிரலுக்குக் கீழே காசளவு சிவப்பு, ஆனால் காலுக்குரியவரைக் கேட்டால் “ஒன்றுமில்லையே, நல்லாத்தானே இருக்கு” என்பார். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் நீடித்தால் நடையைக் குறைக்கச் சொல்வார்கள். சூடு இருக்கிறது, வலி இல்லை. இதை எப்படி வலிப்படம் என்பது? எதிர்ப்பக்கமும் உண்டு: எலும்பு முறிந்து கூடிய பிறகும் சிலருக்குக் கையில் உயிர்போகிற வலி மாதக்கணக்கில் நிற்கும், அந்தக் கை மற்றதைவிடக் குளிர்ந்தும் இருக்கலாம்.

> அப்படியானால் அழற்படம்? அழற்சிக்குள்ளேயே அழல் இருக்கிறதே.

கேட்க நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மயங்கியும் போனேன். ஆனால் சுடுவதெல்லாம் அழற்சி இல்லை. தைப்பூசத்தன்று காவடி எடுத்து வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வந்தவரை அப்படியே நிறுத்திப் படமெடுத்தால் உள்ளங்கால் முழுக்கச் சிவப்பாகத்தான் வரும். அதனால்தான் ஏசி காற்று நேரே படாத அறையில் கால் மணி நேரம் போல உட்கார வைத்துவிட்டு எடுக்கிறார்கள். தைலம் தடவியிருந்தாலும் படம் கெடும். பெயரிலேயே நோயைச் சொல்லிவிட்டால் படம் எடுத்ததும் நோய் கண்டாயிற்று என்றாகிவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்குப் பதிலாக இது ஆகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்த பிறகும் அப்படிச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் விளம்பரச் சொல் செய்து தர வேண்டாம்.

என் யோசனை: பொதுவாக வெப்பப்படம், மருத்துவத்தில் தோல்வெப்பப்படம், துறைக்குத் தோல்வெப்பப் படவியல். உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்வதில்லை, தோலோடு நின்றுவிடுகிறது; பெயரும் அங்கேயே நிற்கட்டும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று இயற்பியல்காரர்கள் வருவார்கள், நியாயம்தான், ஆனால் வெப்பநிலையை அளக்கும் கருவிக்கே வெப்பமானி என்ற பெயரை ஏற்றுக்கொண்ட பிறகு இங்கே மட்டும் ஏன் முறுக்கு? அகச்சிவப்பைப் பெயருக்குள் நுழைக்க வேண்டாம். தோலில் ஒட்டவைத்துப் பார்க்கும், சூட்டுக்கேற்ப நிறம் மாறும் திரவப்படிகத் தாளும் இதே வேலையைச் செய்கிறது, அதில் அகச்சிவப்புக் கேமராவே கிடையாது. இன்ஃப்ராரெட்டுக்குத் தமிழ்ச்சொல் அகச்சிவப்பா செங்கீழா என்ற பழைய தகராறும் இதோடு மிச்சம்.

அப்புறம், படம் என்பதைப் படிமம் ஆக்கச் சொல்லும் நண்பர்களுக்கு: எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே வருகிற எவரும் “படிமம் எப்போ கிடைக்கும்” என்று கேட்டு நான் பார்த்ததில்லை.